கல்லூரிப் பெயர் எவ்வளவு தூரம் கூட வரும்? வேலை, மேல்படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும், அவர்கள் எழுதிக் கொண்டுவரும் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்துவதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் கல்லூரியில் சேரும் முன்பும், படிக்கும்போதும், முடிக்கும் வருடத்திலும் ஒரே சந்தேகத்தைப் பலர் பலவிதமாக என்னிடம் கேட்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஒரு பதில் இன்னொரு பதிலைச் சுட்டும் என்பதால் எண்ணும் உண்டு.

1. சுருக்கமா சொல்லுங்க. காலேஜ் பேர் முக்கியமா, இல்லையா?

முக்கியம்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல, எல்லாக் காலத்துக்கும் அல்ல. உங்களைப் பற்றி வேறெதுவும் தெரியாத ஒருவர் உங்கள் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போது கல்லூரிப் பெயருக்கு மதிப்பு அதிகம். உங்களோடு வேலை செய்தவருக்கும், நீங்கள் செய்ததைப் படித்துப் பார்த்தவருக்கும் அது பத்தோடு பதினொன்றாக இன்னொரு தகவல். ஆக, எந்த வேலை, எந்தக் கட்டம், யார் பார்க்கிறார் என்று பிரித்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

2. பெரிய காலேஜ்ல படிச்சவங்க நிறைய சம்பாதிக்கிறாங்களே, அதைவிட என்ன ஆதாரம் வேணும்?

அவர்கள் அதிகம் சம்பாதிப்பது உண்மை. ஆனால் அது கல்லூரியால் வந்ததா, அந்தக் கல்லூரிக்குள் நுழையும் அளவுக்கு ஏற்கெனவே இருந்த திறமையாலும் குடும்ப வசதியாலும் வந்ததா? இதைப் பிரித்துப் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் கிடைத்த இருவர். ஒருவர் பெயர்பெற்ற கல்லூரிக்குப் போனார், மற்றவர் அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்குப் போனார். பிற்காலத்தில் இந்த இருவர் சம்பளத்தையும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. பெரிய கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் துணிச்சலும் அதற்குத் தேவையான தகுதியும் இருந்தவர், எங்கே படித்தாலும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரியால் பலன் இருந்தது. அதே ஆய்வாளர்கள் பிறகு செய்த ஆய்விலும், கறுப்பின மாணவர்கள், ஹிஸ்பானிய மாணவர்கள், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்குப் பலன் தெரிந்தது. எனக்கு இந்த விலக்குதான் அந்த ஆய்வின் மிக முக்கியமான வரி. வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைக்குத்தான் கல்லூரி கொடுக்கும் தொடர்புகள் அதிகம் உதவுகின்றன.

3. அப்படின்னா சம்பளத்துல வித்தியாசமே இல்லன்னு எடுத்துக்கலாமா?

சராசரிச் சம்பளம் என்றால் கிட்டத்தட்ட ஆமாம். உச்சிப் பதவிகள் என்றால் இல்லை.

2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் அமெரிக்காவின் 12 மிகப் பிரபலமான தனியார் கல்லூரிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஐவி லீக் என்று அழைக்கப்படும் எட்டு, அவற்றோடு ஸ்டான்ஃபர்ட், எம்ஐடி, டியூக், சிகாகோ. காத்திருப்புப் பட்டியலில் இருந்து இடம் கிடைத்தவர்களையும், அதே பட்டியலில் இருந்தும் கிடைக்காமல் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். நல்ல மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனவரைவிட இங்கே படித்தவருக்குச் சராசரி வருமானம் சொல்லும்படி கூடவில்லை. ஆனால் நாட்டின் வருமான வரிசையில் உச்சி ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு பாதிக்குக் குறையாமல் கூடியது. பெயர்பெற்ற மேல்படிப்பு நிறுவனத்தில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. பெயர்பெற்ற நிறுவனத்தில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கானது.

சிலி நாட்டைப் பற்றி சேத் ஸிம்மர்மன் 2019-இல் வெளியிட்ட ஆய்வையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே உயர்தரமான வணிகம் சார்ந்த படிப்புகளில் சேர்ந்தவர்கள் பெரிய நிறுவனங்களின் தலைமைப் பதவிக்குப் போகும் வாய்ப்பு கூடியது உண்மை. ஆனால் அந்தப் பலன் வசதியான தனியார் பள்ளிகளிலிருந்து வந்த ஆண்களுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது. அதே வகுப்பில், அதே தேர்வெழுதி வந்த பெண்களுக்கும் மற்றப் பள்ளி மாணவர்களுக்கும் அது வரவில்லை. முந்தைய பதிலில் சொன்ன அமெரிக்க முடிவுக்கு இது எதிராகப் போகிறதே என்று தோன்றும். அங்கே பேசியது பொதுவான சம்பளம். இங்கே பேசுவது ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் முன்பே தெரிந்தவர்கள் பதவியைப் பங்கிட்டுக்கொள்வது. இரண்டும் வேறு வேறு.

4. எந்த வேலைக்கெல்லாம் பேர் பார்ப்பாங்க?

மேலாண்மை ஆலோசனை, முதலீட்டு வங்கி, பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள்: இந்த மூன்றிலும் கல்லூரிப் பெயருக்குக் கொடுக்கும் எடை மிக அதிகம். லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் இந்த நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்களைப் பேட்டி கண்டு, அவர்களோடு இருந்தும் பார்த்து எழுதியிருக்கிறார். குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்கு மட்டும் நேரில் போய் ஆள் எடுப்பார்கள். மற்றக் கல்லூரிகளிலிருந்து இணையம் வழியாக வரும் விண்ணப்பங்களைப் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த வேலைகளில் வாடிக்கையாளரிடம் காட்டும் முகமே சரக்கு என்பதால், பணியாளரின் கல்லூரிப் பெயரும் விலையில் சேர்ந்துவிடுகிறது.

உரிமம் தேவைப்படும் தொழில்களில் நிலைமை வேறு. செவிலியர், மருந்தாளுநர், பள்ளி ஆசிரியர், கணக்குத் தணிக்கையாளர் இவர்களுக்கெல்லாம் தகுதித் தேர்வும் பதிவும்தான் வாசல். அந்தத் தேர்வில் தேறியபின் கல்லூரிப் பெயர் பின்னால் போய்விடும். மென்பொருளில் நடுத்தரம்: முதல் நேர்காணலுக்கு அழைப்பு வர பெயர் உதவும், அழைத்தபின் நிரல் எழுதச் சொல்லிப் பார்ப்பார்கள். பெயரை வேண்டுமென்றே மறைக்கும் நிறுவனங்களும் உண்டு. பிரிட்டனில் டெலாய்ட் என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனம் 2015-இல், விண்ணப்பதாரரின் பள்ளி, பல்கலைக்கழகப் பெயர்களை நேர்காணல் செய்பவருக்குக் காட்டுவதில்லை என்று அறிவித்தது.

5. முதல் வேலை கிடைச்சதுக்கு அப்புறமும் காலேஜ் பேர் கூடவே வருமா?

பெரும்பாலான துறைகளில் மூன்று, நான்கு வருடத்தில் தேய்ந்துவிடும். இரண்டாவது வேலைக்குப் போகும்போது முதல் வேலையில் என்ன செய்தீர்கள், யார் உங்களுக்காகப் பேசுவார்கள் என்பதுதான் கேள்வி. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் வேலையே நல்ல இடத்தில் கிடைக்கப் பெயர் உதவியிருந்தால், அந்த முதல் வேலையின் பெயர் இரண்டாவதற்கு உதவும். பெயர் நேரடியாக வராவிட்டாலும் இப்படிச் சுற்றி வரும்.

6. சத்யா நாதெல்லா, டிம் குக் எல்லாம் பெரிய காலேஜ்ல படிச்சவங்க இல்லையே? அப்போ கவலையே வேண்டாம்தானே?

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நாதெல்லா மணிப்பால் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலையும், விஸ்கான்சின் மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் முதுநிலையும் படித்தார். ஆப்பிள் நிறுவனத்தின் டிம் குக் இளநிலை படித்தது ஆபர்ன் பல்கலைக்கழகத்தில். இதெல்லாம் சரி. ஆனால் அதன்பிறகு நாதெல்லா சிகாகோ பல்கலைக்கழகத்திலும், குக் டியூக்கிலும் எம்பிஏ முடித்தார்கள். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

அதோடு, சாதித்தவரை மட்டும் எடுத்துப் பார்த்தால் எந்தக் கருத்துக்கும் ஆதாரம் கிடைக்கும். இந்தக் கதைகள் கதவு மூடியிருக்கவில்லை என்று காட்டுகின்றன. கதவு எவ்வளவு அகலம் என்று காட்டுவதில்லை.

7. மேல்படிப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது முதல் டிகிரி எங்க படிச்சோம்னு பார்ப்பாங்களா?

பார்ப்பார்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு பேராசிரியர். பாடம் எடுக்கிறார், ஆய்வு செய்கிறார், இதற்கு நடுவில் சேர்க்கைக் குழுவிலும் இருக்கிறார். அவர் முன்னால் ஒரு பெரிய அடுக்கு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் சுற்றில் சில நிமிடங்கள்தான். மதிப்பெண் பட்டியலைத் திறக்கிறார். கல்லூரி அவருக்குத் தெரிந்தது என்றால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் என்பதும் தெரியும். அந்தக் கல்லூரியிலிருந்து முன்பு வந்த மாணவர் எப்படிப் படித்தார் என்பதும் நினைவில் இருக்கும். தெரியாத கல்லூரி என்றால் அந்த எண் அவருக்கு வெறும் எண். உடனே நிராகரிக்க மாட்டார், ஆனால் நம்புவதற்கு வேறு பிடிமானம் தேடுவார்.

ஜூலி போசெல்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுக்கள் சிலவற்றில் கூடவே உட்கார்ந்து கவனித்து எழுதியதிலும் இதே படம்தான் வருகிறது. முதல் வடிகட்டலில் கல்லூரி மதிப்பெண், தகுதித் தேர்வு மதிப்பெண், கல்லூரிப் பெயர் ஆகியவை ஆதிக்கம் செலுத்துகின்றன. கடைசியில் மிஞ்சும் சிலரில் யாரை எடுப்பது என்ற விவாதத்தில் ஆய்வு ஆர்வம், கடிதங்கள், துறையில் யாருடைய வேலையோடு பொருந்துகிறார் என்பவை மேலே வருகின்றன. ஆகவே பெயரில்லாத கல்லூரி மாணவருக்குச் சிக்கல் முதல் சுற்றில்தான். அதைத் தாண்டினால் களம் ஓரளவு சமமாகிறது.

முனைவர் பட்டத்துக்கும் கட்டணம் கட்டிப் படிக்கும் முதுநிலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னதில் பல வருடம் உதவித்தொகை கொடுத்து ஒரு ஆளை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். பின்னதில் இடங்கள் அதிகம், வடிகட்டல் தளர்வு.

8. எங்க காலேஜ் பேரை அங்க ஒருத்தரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. நான் என்ன பண்றது?

மேலே சொன்ன பிடிமானத்தை நீங்களே கொடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுகோலில் ஒரு எண் இருந்தால் நல்லது. பல துறைகள், மேல்படிப்புக்கான பொதுத் தகுதித் தேர்வான ஜிஆர்இ கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டன. ஆனால் ‘விருப்பமிருந்தால் அனுப்பலாம்’ என்று இருக்கும் இடத்தில், தெரியாத கல்லூரியிலிருந்து வருபவர் நல்ல மதிப்பெண் வைத்திருந்தால் அனுப்புவதே சரி என்பது என் கருத்து. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை ‘120 பேரில் 2-ஆவது’ என்பதுபோல எழுதுங்கள். கல்லூரியைப் பற்றி ஒருவரி விளக்கம் கடிதம் எழுதும் ஆசிரியர் மூலம் போகட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிடிமானம், உங்கள் கல்லூரிக்கு வெளியே ஒருவரிடம் வேலை செய்வது. விடுமுறையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம், ஒரு திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளில் உங்கள் பெயர் பதிந்த பங்களிப்பு, ஒரு சின்ன மாநாட்டில் வாசித்த கட்டுரை. இதற்காக ஒரு பேராசிரியருக்கு எழுதும்போது, ‘தங்கள் சீரிய ஆய்வுகளைப் படித்து வியந்தேன்’ என்று ஆரம்பிக்கும் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. ‘உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் இருக்கும் அளவீட்டை என் கணினியில் செய்து பார்த்தேன், குறைந்த வெப்பநிலையில் என் விடை மாறுகிறது, நிரலை இணைத்திருக்கிறேன்’ என்று எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும். எல்லோரிடமிருந்தும் வராது. ஒருவரிடமிருந்து வந்தால் போதும்.

9. பரிந்துரைக் கடிதம் பெரிய ஆள்கிட்ட வாங்கணுமா, என்னை நல்லா தெரிஞ்சவர்கிட்ட வாங்கணுமா?

நல்லா தெரிந்தவரிடம். துறைத்தலைவர், முதல்வர் என்று பதவி பார்த்து வாங்கும் கடிதங்களில் பாதி இப்படி இருக்கும்: ‘இம்மாணவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருவார், வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்.’ இதைப் படிப்பவருக்கு, இவருக்கு மாணவரைத் தெரியாது என்பது மட்டும்தான் புரியும். இதற்குப் பதிலாக: ‘இறுதியாண்டுத் திட்டத்தில் உணரியின் அளவு தினமும் மதியத்தில் விலகியது. மற்றக் குழுக்கள் அந்தத் தரவை விட்டுவிட்டன. இவர் மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து, ஜன்னல் வழியே விழும் வெயில்தான் காரணம் என்று கண்டுபிடித்து, திருத்தும் முறையையும் எழுதிக் கொடுத்தார்.’ எழுதியவர் உதவிப் பேராசிரியராக இருந்தாலும் இந்தக் கடிதம்தான் பேசும்.

இங்கே பெரிய கல்லூரிக்கு ஒரு நிஜமான சாதகம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அங்கே இருக்கும் ஆசிரியர்கள் ஆய்வு உலகில் அறிமுகமானவர்கள். கடிதத்தைப் படிப்பவருக்கு எழுதியவரைத் தெரிந்திருந்தால் அதன் எடை பல மடங்கு. பல நேரம் நாம் கல்லூரிப் பெயரின் பலன் என்று நினைப்பது இந்தக் கடிதத்தின் பலன்தான். எட்டாவது பதிலில் வெளியே ஒருவரிடம் வேலை செய்யச் சொன்னது இதற்காகவும்தான்.

10. சாதாரண காலேஜ்ல 9.5, பெரிய காலேஜ்ல 7. எது ஜெயிக்கும்?

குழுவுக்குக் குழு மாறும். வெட்டு எண் வைத்துத் தானாக வடிகட்டும் இடங்களில் 7 முதலிலேயே விழுந்துவிடும், கல்லூரிப் பெயர் காப்பாற்றாது. மனிதர் படிக்கும் இடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரலாம். 9.5-க்குப் பின்னால் அவர்களுக்குத் தெரிந்த வேறொரு சான்றும் இருந்தால் 9.5 முன்னே போகும் என்றே சொல்வேன். எண் மட்டும் இருந்தால் சந்தேகம்தான்.

11. ரேங்க் பட்டியலை நம்பலாமா?

எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். 2003-இல் தொடங்கிய ஷாங்காய் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம், முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசு, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் ஆகியவற்றுக்குப் போகிறது. முதலாண்டு மாணவருக்குக் கணிதம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்பது அதில் எங்கேயும் இல்லை. வேறு சில பட்டியல்கள் மற்றப் பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் போடுகின்றன. ஏற்கெனவே பெயருள்ள இடத்துக்கே அது மறுபடி பெயர் சேர்க்கும்.

பட்டியலுக்கான தரவைக் கல்லூரியே கொடுக்கும் இடங்களில் இன்னும் கவனம் தேவை. 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தரவு சரியில்லை என்று அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் விரிவாக எழுதினார். யுஎஸ் நியூஸ் என்ற அமெரிக்க ஊடகம் வெளியிடும் கல்லூரிப் பட்டியலில் 2-ஆம் இடத்தில் இருந்தது அந்த ஆண்டே 18-ஆம் இடத்துக்கு வந்தது. அந்த ஒரு வருடத்தில் அங்கே படிப்பு அவ்வளவு கெட்டுப்போய்விடவில்லை. ரீட் கல்லூரி 1995 முதல் அந்தப் பட்டியலுக்குத் தரவு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் தன் பட்டதாரிகளில் பிற்காலத்தில் முனைவர் பட்டம் வாங்குபவர்களின் விகிதத்தில் அது அமெரிக்காவின் முன்வரிசைக் கல்லூரிகளில் ஒன்று. 12-ஆம் இடத்துக்கும் 25-ஆம் இடத்துக்கும் நடுவே உங்கள் வாழ்க்கையை மாற்றும் வித்தியாசம் எதுவும் இல்லை. 12-க்கும் 400-க்கும் இருக்கலாம்.

12. பிடிச்ச பாடம் சாதாரண காலேஜ்ல கிடைக்குது, பிடிக்காத பாடம் பெரிய காலேஜ்ல கிடைக்குது. எதை எடுக்க?

பாடத்தை. பல பெற்றோருக்கு இந்தப் பதில் பிடிக்காது என்று தெரியும். பிடிக்காத பாடத்தில் மதிப்பெண் இறங்கும், ஆசிரியர் நினைவில் நிற்க மாட்டீர்கள், ஆகவே கடிதமும் ஏழெட்டு வரிச் சம்பிரதாயமாகத்தான் வரும். அப்புறம் பெயர் மட்டும்தான் மிச்சம், அதுவும் ஐந்தாவது பதிலில் சொன்னபடி சீக்கிரம் தேயும். பாடத்தில் பெரிய விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை என்றால் கணக்கு மாறும். அப்போது பெரிய கல்லூரி பக்கம் சாய்வதில் தப்பில்லை.

13. பெரிய காலேஜ்ல கடைசி ரேங்கா இருக்கிறதா, சின்ன காலேஜ்ல முதல் ரேங்கா இருக்கிறதா?

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரே திறமை உள்ள இரண்டு பேரில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கிறார். பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் நாம் நம்மை அளக்கிறோம்.

நான் பார்க்கும் பிள்ளைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒருவருக்குத் தன்னைவிடக் கெட்டிக்காரர் பக்கத்தில் இருந்தால் வேகம் கூடும். இன்னொருவர் கை தூக்கிக் கேள்வி கேட்பதையே விட்டுவிடுவார். நீங்கள் எந்த வகை என்பது உங்களுக்குப் பள்ளியிலேயே தெரிந்திருக்கும். இரண்டாவது வகை என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அதை வைத்து முடிவெடுங்கள்.

14. பேராசிரியர் ஆகணும்னு ஆசை. பிஎச்டி எங்க பண்றோம்ங்கறது முக்கியமா?

மிக மிக முக்கியம். இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் ‘பெயரைப் பாருங்கள்’ என்று சொல்லும் ஒரே இடம் இது. ஆரன் க்ளாஸெட்டும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2015-இல், கணினி அறிவியல், வணிகம், வரலாறு மூன்று துறைகளில் அமெரிக்கப் பேராசிரியர்கள் எங்கே முனைவர் பட்டம் வாங்கினார்கள் என்று எடுத்துப் பார்த்தார்கள். கால்பங்குப் பல்கலைக்கழகங்களிலிருந்தே 71 முதல் 86 சதவீதம் பேர் வந்திருந்தார்கள். தாங்கள் பட்டம் வாங்கிய இடத்தைவிட உயர்ந்த இடத்தில் வேலை கிடைத்தவர்கள் 9 முதல் 14 சதவீதம்தான். 2022-இல் எல்லாத் துறைகளையும் சேர்த்து வந்த இன்னொரு ஆய்வில், அமெரிக்காவில் பட்டம் பெற்ற பேராசிரியர்களில் எட்டில் ஒருவர் வெறும் ஐந்து பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்: கலிஃபோர்னியா பெர்க்லி, ஹார்வர்ட், மிச்சிகன், விஸ்கான்சின் மேடிசன், ஸ்டான்ஃபர்ட்.

இதில் கவனிக்க வேண்டியது, இவை முனைவர் பட்டத்தைப் பற்றிய எண்கள். இளநிலைப் பட்டத்தைப் பற்றியவை அல்ல. இளநிலை எங்கே என்பது முனைவர் பட்டத்துக்குள் நுழையும்போது எடை போடப்படும், அதன்பிறகு வேலைச் சந்தையில் அதைப் பேசுபவர் குறைவு. அதோடு, முனைவர் பட்டத்தில் பல்கலைக்கழகப் பெயரைவிட உங்கள் துறையின் பெயரும், வழிகாட்டியின் மாணவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்பதும் துல்லியமான தகவல். சேரும் முன் அந்த ஆய்வுக்குழுவின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே என்று ஒவ்வொருவராகத் தேடிப் பாருங்கள். வழிகாட்டி மனிதர் எப்படி என்று அவர்களிடமே கேளுங்கள். மோசமான வழிகாட்டியிடம் பெரிய பெயருள்ள இடத்தில் ஆறு வருடம் சிக்கிக்கொள்வது சாதாரண வேதனை இல்லை.

15. இளநிலை சாதாரண காலேஜ். முதுநிலை பெரிய பல்கலைக்கழகம். பழைய பேர் போயிடுமா?

பெரும்பாலும் போய்விடும். கடைசியாக வாங்கிய பட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான்காவது பதிலில் சொன்ன ஒருசில நிறுவனங்கள் மட்டும் பள்ளிவரை நோண்டுவார்கள்.

16. அங்கீகாரம் இருக்குன்னு சொல்றாங்க. அங்கீகாரமும் பேரும் ஒண்ணுதானா?

இல்லை. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் சேரவே சேராதீர்கள். அதற்குமேல்தான் பெயரைப் பற்றிய பேச்சே. உதாரணத்துக்கு ஜெர்மனியில், வெளிநாட்டு நிறுவனங்களை அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். ‘எச் பிளஸ்’ என்றால் அங்கீகரிக்கப்பட்டது. அந்தக் குறி இருந்தால், முதுநிலைச் சேர்க்கையில் பெரும்பாலும் நீங்கள் படித்த பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா, மதிப்பெண் என்ன என்றுதான் பார்ப்பார்கள். புகழ் அங்கே அவ்வளவு பேசாது.

பெயர் சட்டத்திலேயே ஏறிவிட்ட இடமும் உண்டு. பிரிட்டன் 2022 மே மாதம் அறிமுகப்படுத்திய ‘ஹை பொட்டென்ஷியல் இண்டிவிஜுவல்’ விசா, மூன்று உலகத் தரவரிசைகளில் குறைந்தது இரண்டில் முதல் 50-க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு என்று தொடங்கியது. கையில் வேலை இல்லாமலே போகலாம். முதல் பட்டியலில் இந்தியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா மூன்றிலிருந்தும் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. ஆட்களின் திறமையை இப்படி அளப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் விதி இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

17. பெரிய காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு, ஆனா பெரிய கடன் வாங்கணும். இன்னொரு காலேஜ் உதவித்தொகை தருது. எங்க போக?

கடன் தொகையைப் பட்டம் முடித்தபின் கிடைக்கக்கூடிய சாதாரணச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள், அந்தக் கல்லூரி விளம்பரத்தில் போடும் அதிகபட்சச் சம்பளத்தோடு அல்ல. நடுவில் இருக்கும் மாணவருக்கு எவ்வளவு கிடைத்தது, எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அதுவே ஒரு பதில்.

கடன் பணத்தைமட்டும் எடுப்பதில்லை. மாதத் தவணை கட்ட வேண்டியவர் குறைந்த உதவித்தொகையில் ஆய்வுக்குப் போக முடியாது. பிடிக்காத வேலையை விட முடியாது. பெயருக்காக வாங்கிய கடன், அந்தப் பெயர் திறந்துவைத்த கதவுகளில் சிலவற்றை மூடிவிடும். இரண்டாவது, மூன்றாவது பதில்களில் உள்ள ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், உதவித்தொகை தரும் கல்லூரி ஓரளவு நல்லது என்றால் அங்கே போவதே சரி. நான்காவது பதிலில் சொன்ன ஆலோசனை, முதலீட்டு வங்கி வேலைகள்தான் குறி என்றால் மட்டும் இன்னொரு தடவை யோசிக்கலாம்.

18. என் பொண்ணுக்கு நினைச்ச காலேஜ் கிடைக்கல. ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்து திரும்ப எழுதட்டுமா?

முதலில் அவளுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை ஒரு வருடம் தனியாக உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பது கொடுமை. அவளே விரும்பினால், முதல் தடவை மிகக் குறைவான வித்தியாசத்தில் தவறியிருந்தால், உடல்நலம் போன்ற தெளிவான காரணம் இருந்தால், ஒரு முறை எழுதலாம். இரண்டாவது, மூன்றாவது வருடம் என்று நீட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கிடைத்த கல்லூரியில் சேர்ந்து, அந்த வருட உழைப்பை எட்டாவது பதிலில் சொன்ன வழியில் செலவழித்தால் மேல்படிப்பில் அதே பெயருக்குத் திரும்பவும் முயலலாம்.

19. நேர்காணல்ல ‘ஏன் இந்த காலேஜ்ல படிச்சீங்க’ன்னு கேட்டா என்ன சொல்றது?

உண்மையை, இரண்டு வரியில். ‘வீட்டு நிலைமையில் பக்கத்தில் இருந்த கல்லூரிக்குத்தான் போக முடிந்தது. மின்னணு ஆய்வுக்கூடம் மாலையிலும் திறந்திருந்தது, அதில் இந்தத் திட்டத்தைச் செய்தேன்’ என்று சொல்லிப் பேச்சை உங்கள் வேலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். கல்லூரியைத் திட்டாதீர்கள். ஆசிரியர் சரியில்லை, வசதி இல்லை என்று அடுக்கினால் கேட்பவருக்கு உங்கள்மேல்தான் சந்தேகம் வரும்.

20. முடிச்சுப் பத்து வருஷம் ஆச்சு. ரெஸ்யூமேல காலேஜ் பேரை எங்க போடணும்?

கடைசியில், ஒரே வரியில்: பட்டம், கல்லூரி, ஆண்டு. மதிப்பெண் வேண்டாம். மேலே உங்கள் வேலைகள் வரட்டும். கல்லூரி பிரபலமானதாக இருந்தாலும் இதே இடம்தான். பத்து வருட அனுபவம் உள்ளவர் கல்லூரிப் பெயரை உச்சியில் போட்டால், அதற்குப் பிறகு சொல்ல எதுவும் இல்லையோ என்று படிப்பவர் நினைப்பார். ஆசிரியர் பணிக்கான விண்ணப்பம் மட்டும் விலக்கு. அங்கே படிப்பு எப்போதும் முதல் பக்கத்தில், முதல் பகுதியில் இருக்க வேண்டும்.